சம்பந்தியை எங்கே வைத்தார்கள்?

என்னை வேலையிலிருந்து தூக்கிய அதே மாதத்தில்தான் என் சம்பந்திக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடந்தவனை ஒரு வீடியோ காலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு ஒரு ஸ்கேன் போதுமாக இருந்தது. இரண்டு பேருக்கும் பகல் முழுக்கச் சும்மா கிடந்தது. அப்படித்தான் எப்போதோ கப்பலேறி வந்த ஒரு ஆங்கிலேயனின் வம்சத்தைத் தோண்டும் வேலை என் தலையில் விழுந்தது. கோபிச்செட்டிபாளையத்துக்காரனுக்கு இது தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனால் கேட்டது சம்பந்தி. பெண்ணைக் கொடுத்த இடத்தில் கேட்டால் எங்கள் பக்கத்தில் முடியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது.

என் மகளின் மாமனார் வெள்ளைக்காரர். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எப்போதோ விவாகரத்து வாங்கிக்கொண்டு ஃபுளோரிடா போய்விட்டார். ஒரே மகன், அவன்தான் எங்கள் மாப்பிள்ளை. கல்யாணத்தின்போது 'சம்பந்தி' என்ற சொல்லை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று சொல்ல இங்கிலீஷில் ஒரு வார்த்தை இல்லை என்று அவர் அசந்து போனார். அன்றிலிருந்து என்னைச் 'சம்பாண்டி' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. நியூ ஜெர்சியின் தெற்கே, கடற்கரைக்குப் போகும் வழியில், ஒரு பழைய தேவாலயத்தின் பின்னால் கல்சுவர் கட்டிய ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அமெரிக்கா என்ற நாடே உருவாகாத காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவன் அங்கே நிலம் வாங்கிக் குடியேறினான். அவனும் அவன் பிள்ளைகுட்டிகளும் அந்தச் சுவருக்குள் கிடக்கிறார்கள். சம்பந்திக்கும் அதே குடும்பப் பெயர். "என் அப்பாவைச் சின்ன வயதில் அங்கே கூட்டிப்போய் அவர் அப்பா காட்டினாராம். நாம் இங்கேயிருந்து வந்தவர்கள் என்றாராம். நான் அங்கே போய்ப் படுக்க வேண்டும் சம்பாண்டி" என்றார். அந்த இடத்தை ஒரு வம்சாவளிச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. இன்னும் சில குழிகளுக்குத்தான் இடம். அந்த முதல் ஆளிலிருந்து தன் வரைக்கும் ஒரு தலைமுறைகூட விடாமல் நிரூபிக்கிறவருக்குத்தான் அது கிடைக்கும்.

இதை என் மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமையே ஐசலினில் நம்மூர்க் கடைகள் வரிசைகட்டிய ஓக் ட்ரீ ரோடு முழுக்கத் தெரிந்துவிட்டது. காய்கறிக் கடையில் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே, ஈரோட்டுப் பக்கத்து அக்கா ஒருவரிடம் இவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மொதக் கப்பல்ல வந்த குடும்பங்க்கா. இந்த நாட்டையே கட்டுனவங்க. நம்மூர்ல பட்டக்காரரு வீடு மாதிரின்னு வெச்சுக்குங்களே."

"அதான பார்த்தேன்" என்றார் அந்த அக்கா. எங்கள் பேத்தி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளி, தலையைத் தடவினார். "என்ன கலரு பாரு, ரோஸ் பூவாட்டம். நல்ல ரத்தம்னா சும்மாவா?"

பேத்தி, "கேன் வீ கோ நௌ?" என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது.

என் மனைவியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. மகள் இந்தப் பையனைக் காதலிக்கிறேன் என்று வந்து நின்றபோது வீட்டில் நடந்த ரகளை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, வெள்ளைக்காரன். கறுப்பனா இருந்திருந்தா நான் தூக்குல தொங்கியிருப்பேன்" என்றாள். நானும் அப்போது மூச்சு விட்டேன், எதற்கு மறைக்க. எங்கள் வீட்டில் அது ஒரு வாரம் பேசப்பட்டு, பிறகு கல்யாண வேலைகளில் அமுங்கிப்போனது.

வாரத்தில் கீமோ இல்லாத நாட்களில் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு நான் டிரைவ் பண்ணினேன். நீதிமன்ற ஆவணக் காப்பகம், நூலகம், தேவாலய அலுவலகம் என்று எல்லாப் படியும் ஏறினோம். அவர் வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருப்பார். நான் ஒரு பிளாஸ்க் ரசம் வைத்திருப்பேன். ஆச்சரியம் என்னவென்றால் பழைய தலைமுறைகள்தான் சுலபமாகக் கிடைத்தன. முதல் ஆள், அவன் மகன், பேரன் என்று யார் யாருக்கு எந்த வயலை எழுதிவைத்தான் என்பதெல்லாம் சுத்தமாக இருந்தது. நிலம் வைத்திருந்தவனுக்கு எந்த ஊரிலும் தடயம் இருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து மேலே போனால் சம்பந்தி, அவர் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா வரைக்கும் சரி. கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா யார் என்பதில் முட்டி நின்றது. ஒருநாள் அந்தக் கொள்ளுத்தாத்தா வடக்கே ஒரு ஊரில் தச்சனாக, கல்யாணம் ஆனவனாக, வானத்திலிருந்து குதித்தவன் மாதிரி நிற்கிறான். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

"இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கறீங்களே" என்று நான் அவரைத் தேற்றினேன். எங்கள் பக்கத்தில் கூட்டம் என்று ஒன்று உண்டு, ஒரே கூட்டத்தின் பெயரைச் சொன்னால் முன்பின் தெரியாதவனும் பங்காளிதான், குலதெய்வக் கோயிலில் போய் நின்றால் அப்பா பேரைக் கேட்பார்கள், அதோடு சரி, பொங்கலில் பங்கு கொடுத்துவிடுவார்கள் என்று விளக்கினேன். பெயர் ஒன்றாக இருக்கிறதே, ஊர் ஒன்றாக இருக்கிறதே, வேறு என்ன வேண்டும்? அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பெயர் என்றால் ரத்தம் என்று நான் அடித்துச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரன் அப்படித்தான் சொல்வான்.

பிறகு அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கே போனோம். இடுப்பளவு சுவர். உள்ளே சாய்ந்த பலகைக் கற்கள், எழுத்துத் தேய்ந்தவை. சம்பந்தி ஒவ்வொரு கல்லின் முன்னும் தொப்பியைக் கழற்றினார். நான் சுற்றி நடந்தேன். சுவருக்கு வெளியே, மரங்கள் தொடங்கும் இடத்தில், புல்லுக்குள் வரிசையாகக் கற்கள் தலைகாட்டின. செதுக்காத வயல் கற்கள், ஒன்றிலும் பெயர் இல்லை. ஆனால் வரிசை இருந்தது. தற்செயலாகக் கிடக்கும் கல்லுக்கு வரிசை இருக்காது.

அங்கே புல்வெட்டிக்கொண்டிருந்த சங்கத்து ஆளிடம் கேட்டேன். "ஓ, அதுவா? வேலைக்காரர்கள்" என்று சொல்லிவிட்டு மெஷினைத் திரும்ப ஓட்டினார்.

எங்கள் குலதெய்வக் கோயிலிலும் இதே உயரத்தில் ஒரு சுவர் இருக்கிறது. எங்கள் காடு கழனியில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களுக்கும் அதுதான் சாமி. ஆனால் அவர்கள் பொங்கல் வைப்பது சுவருக்கு வெளியே. திருநீறு சுவருக்கு மேலாக நீட்டிய தட்டில் போகும். அவர்களில் சிலரின் மூக்கும் நெற்றியும் எங்கள் வீட்டு ஆட்களை அப்படியே உரித்துவைத்தது போல இருக்கும். அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சின்ன வயதில் நான் ஒருமுறை கேட்டு, செவிட்டில் ஒன்று வாங்கினேன்.

"சம்பந்தி, எங்க ஊர்லயும் இந்த மாதிரி ஒரு சுவர் இருக்கு" என்றேன். அவர் அந்தக் கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இடைவெளியை நிரப்ப டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாம் என்றது மாப்பிள்ளை. சம்பந்தி ஒரு குப்பியில் எச்சில் துப்பி அனுப்பினார். முடிவு வந்தபோது முதலில் சந்தோஷம். அந்தச் சங்கத்தில் உறுப்பினர்களாக இருந்த இரண்டு பேருடைய ரத்தமும் இவருடையதும் ஒத்துப்போயிற்று. அந்த முதல் ஆங்கிலேயனின் வாரிசுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களைவிட நெருங்கிய உறவு என்று இன்னொருவரையும் காட்டியது. நியூவார்க்கில் இருக்கும் ஒரு அம்மாள். படத்தைத் திறந்தால் கறுப்பின அம்மாள். சம்பந்தியின் ரத்தத்திலும் கொஞ்சம் ஆப்பிரிக்கா இருப்பதாகப் போட்டிருந்தது.

அந்த அம்மாள் எங்களைப் பார்க்க லேசில் சம்மதிக்கவில்லை. என் மகள்தான் திரும்பத் திரும்ப மெசேஜ் பண்ணினாள். கடைசியில் ஒரு உணவகத்தில் வந்து உட்கார்ந்தார். சம்பந்தியைவிட வயதில் மூத்தவர், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காபியைத் தொடவில்லை.

"மன்னிப்புக் கேட்க வந்திருந்தால் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?"

"நான் யார் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்" என்றார் சம்பந்தி.

"நீங்கள் யார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த முதல் ஆங்கிலேயன் வரும்போதே ஆட்களை விலைக்கு வாங்கிக் கூட்டிவந்தான். கூட்டிவந்த தலைக்கு இவ்வளவு என்று அவனுக்கு நிலம் அளந்தார்கள். நியூ ஜெர்சியிலா அடிமைகள் என்று நான் வாயைப் பிளந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார், அது நல்ல சிரிப்பு இல்லை. பல தலைமுறை கழித்து, அதே வீட்டில் அடிமையாகப் பிறந்த ஒருத்திக்கு வீட்டு எஜமானன் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தான். ஒரு பையன், ஒரு பெண். பையனுக்குத் தோல் வெளுப்பு. வளர்ந்ததும் வடக்கே போனான், தச்சனானான், வெள்ளைக்காரன் என்று சொல்லிக்கொண்டான். அப்பன் பெயரை வைத்துக்கொண்டான். தங்கை அம்மாவோடு இருந்தாள், அவள் வழியில் வந்தவர்தான் இவர்.

"அம்மா சாகும்போது தங்கை அவனுக்கு ஆள் அனுப்பினாள். அவன் வரவில்லை. வந்தால் அவன் யாரென்று அவன் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தாயைச் சுவருக்கு வெளியேதான் புதைத்தார்கள். என் அம்மா வருஷம் ஒருமுறை எங்களைக் கூட்டிப்போய் அந்தக் கற்களின் முன்னால் நிற்கவைப்பாள். எந்தக் கல் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பூ வைப்போம்."

சம்பந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "என் தாத்தா என் அப்பாவுக்குச் சுவருக்குள் இருந்ததைத்தான் காட்டினார்" என்றார். அந்த அம்மாள் அவரைத் தேற்றவில்லை. ஆனால் எழுந்து போகும்போது மேஜையிலிருந்த நாப்கினை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க, இத யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க. புள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் காச்சி ஆகணும்."

"ஒன்பது வயசு அவளுக்கு! அறிவிருக்கா உனக்கு?"

"கத்தாதீங்க. நீங்க மட்டும் பெரிய யோக்கியரா? உங்க காட்டுல வேல செஞ்சவங்களுக்கு உங்க வீட்டுல எந்த டம்ளர்ல காப்பி குடுத்தாங்கன்னு நான் பார்த்துருக்கறேன்."

அவள் சொன்னது பொய் இல்லை.

சங்கத்தின் கூட்டம் அந்தத் தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்தது. டோனட் வைத்திருந்தார்கள். சம்பந்தி அதற்குள் கோலூன்றித்தான் நடந்தார், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் கொள்ளுத்தாத்தாவின் அம்மா யார் என்பதையும் சொன்னார். மறைத்திருந்தால் ஒருவேளை இடம் கிடைத்திருக்கும், காரில் போகும்போதே நான் சொல்லிப்பார்த்தேன். "அந்த ஆள் ஒருமுறை மறைத்தது போதும்" என்றுவிட்டார்.

தலைவர் கனிவான மனிதர். அந்தக் கனிவுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் கதை எங்கள் மனதைத் தொட்டது என்றார். ரத்தம் பொருந்துகிறது, சந்தேகமில்லை என்றார். ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் முறையான திருமணத்துக்குச் சான்று வேண்டும் என்பது சங்கத்தின் விதி, அதைத் திருத்தப் பொதுக்குழு கூட வேண்டும், அது அடுத்த வருஷம் என்றார். சம்பந்திக்கு அடுத்த வருஷம் கிடையாது என்பது அவர் கோலைப் பார்த்தாலே தெரியும்.

"சரி, உள்ளே வேண்டாம்" என்றார் சம்பந்தி. "வெளியே, அவள் பக்கத்தில் என்னைப் புதைக்க முடியுமா?"

தலைவர் இன்னும் கனிவானார். சுவருக்கு வெளியே இருப்பது டவுன்ஷிப் நிலம், நம்மூர்ப் பஞ்சாயத்து நிலம் மாதிரி. அங்கே கல்லறை இருப்பதாகவே கணக்கில் இல்லை. கல்லறை இல்லாத இடத்தில் யாரையும் புதைக்க அனுமதி கிடையாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, இன்னொரு டோனட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சம்பந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பிடியில் பலமே இல்லை.

காரில் திரும்பினோம். பார்க்வேயில் டோல் தாண்டியதும் நான்தான் சொன்னேன். "எங்க ஆளுகள்ல எரிச்சுடுவோம் சம்பந்தி. சாம்பலைக் கொண்டுபோய்ப் போடறதுக்கு எவன்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?"

அவர் குடும்பத்தில் யாரையும் எரித்ததில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது, "நீயே கொண்டுபோவாயா?" என்று கேட்டார். கொண்டுபோகிறேன் என்றேன்.

கடைசி வாரங்கள் எடிசனில் மகள் வீட்டில்தான் கிடந்தார். எலும்பும் தோலுமாக, வலிக்கு மார்ஃபின் கொடுத்தும் முனகிக்கொண்டு. சாவு அமைதியாக வந்தது என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், அங்கே நான் இருந்தேன், அமைதியாக வரவில்லை. பிப்ரவரியில் எரித்தோம்.

பனி உருகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போனோம். மாப்பிள்ளை சாம்பல் பெட்டியை மடியில் வைத்திருந்தான். நியூவார்க் அம்மாள் சர்ச்சுக்குப் போகும் உடையில், தொப்பியோடு, ஒரு பை நிறையக் கார்னேஷன் பூ வாங்கி வந்திருந்தார். என் மனைவி காரைவிட்டு இறங்கவில்லை. பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் நமக்கு இல்லீங்க என்றாள். அங்கே தொப்பி போட்டு ஒரு பெண்பிள்ளை நிற்பதை அவளும் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

எந்தக் கல் அந்தத் தாயுடையது என்று தெரியாததால், மாப்பிள்ளை எல்லாக் கற்களின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டான். நான் ஒரு கேலன் பாலைத் திறந்து, எங்கள் வழக்கப்படி மேலே தெளித்தேன். ஈரப் புல்லில் சாம்பல் சேறாகி ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் கல்லுக்கு ஒரு பூவாக வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அம்மா சாவுக்கு வராதவன் வீட்டிலிருந்து இப்போதுதான் ஒருவன் வந்திருக்கிறான்" என்றார். "ரொம்பத் தாமதம்."

அடுத்த சனிக்கிழமை கத்தரிக்காய் வாங்க ஐசலின் போனோம். பேத்தியும் வந்தாள். அதே கடையில் அதே ஈரோட்டு அக்கா. துக்கம் கேட்க வேண்டும் அல்லவா, முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் பேத்தியை இடுப்போடு சேர்த்து அணைத்து, தலைமுடியைக் கோதிவிட ஆரம்பித்தார்.

"பாவம், தாத்தாவ உட்டுட்டியே கண்ணு. ஏன் அம்மிணி, அந்தக் கப்பல்காரரு கல்லறைலதான வெச்சாங்க? எங்க வெச்சாங்க?"

"உள்ளதானுங்க்கா" என்றாள் என் மனைவி, கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு. "அந்த மொதத் தாத்தாவுக்குப் பக்கத்துலயே."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. பில் போடுகிற பையன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"வெளியிலங்க! சுவத்துக்கு வெளியில, அடிமைங்களைப் பொதைச்ச எடத்துல. அவரோட கொள்ளுத்தாத்தாவப் பெத்த தாய் கறுப்பு அடிமைங்க. அவகிட்டத்தான் கொண்டுபோய்ப் போட்டோம். நான்தான் பால் தெளிச்சேன்."

சுவருக்கு வெளியே என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேத்தியின் முடிக்குள் இருந்த அந்த அக்காவின் விரல்கள் நின்றன. பிறகு கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையைச் சேலையில் துடைத்தார். துடைத்தது அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் பேத்தி தலையைத் தூக்கி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.